ஒன்பதாம் ரீலில் இல்லாத முகம்

பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை

என் மருமகள் வாண்டுவுக்கு, உன் மாமா சொல்லச் சொல்ல எழுதுவது.

இங்கே எல்லாம் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் "நல்லா இருக்கேன் மாமா" என்று ஒரே வரியில் என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் முதுகுவலி எப்படி இருக்கிறது, திருத்த வேண்டிய விடைத்தாள் எத்தனை கட்டு பாக்கி, மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். தனித்தனியாகப் பதில் வர வேண்டும்.

முதலில் கண். நீ விடுப்புப் போட்டு வந்து, பக்கத்திலேயே இருந்து ஆபரேஷன் செய்து வைத்தாயே, அந்த வலது கண் இப்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. எதிர்மாடிக் கொடியில் காயும் சட்டைக்குப் பொத்தான் எத்தனை என்று எண்ணிச் சொல்கிறேன். நேற்று கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாவைப் பார்த்து, "உங்க மூக்கோரத்துல ஒரு மச்சம் இருக்கே" என்றேன். "எட்டு வருஷமா மாடியில குடியிருக்கீங்க, இன்னைக்குத்தான் என் மூஞ்சி தெரிஞ்சுதா பெரியவரே?" என்று கேட்டார். உன்னால்தான் தெரிந்தது. இந்த நன்றியை எப்படித் திருப்பிச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

இதை எழுதுவதும் அந்தக் கடைக்காரம்மாதான். எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுதித் தருகிறார். டாக்டர்கள் கிறுக்குவதையே படித்துப் பழகியவர், என் பேச்சையும் எப்படியோ நேராக்கிவிடுகிறார். நீ போனில் பேசலாமே என்கிறாய். போனில் உன் குரல் தகர டப்பாவில் பட்டாணி கொட்டுவது மாதிரி கேட்கிறது. கடிதம் என்றால் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

உன் கடிதத்தையும் அப்படித்தான் கேட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாய், அதுவும் நம் தையல் மெஷின் படத்தை வைத்து! "ஒரு பேய்ப் படத்தைப் பத்தி முந்நூறு பக்கமா?" என்று கடைக்காரம்மா வாயைப் பிளந்தார். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லையாம். அவருக்குக் கதை சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுத ஆரம்பித்தேன்.

பெரிய வீடு. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் வீட்டுக்காரரைக் கவனிக்க ஒரு நர்ஸ் வருகிறாள். பூட்டிக் கிடக்கும் மாடி அறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. அவருடைய மனைவி தையல்காரி, அந்த அறைக்குள்தான் செத்துப்போனாள். ஒன்பதாம் ரீல் முடிவில் நர்ஸ் விளக்கை எடுத்துக்கொண்டு மாடியேறிக் கதவைத் திறக்கிறாள். ஒருத்தி முதுகைக் காட்டியபடி மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். பத்தாம் ரீல் ஆரம்பத்தில் விடிந்துவிடுகிறது. நர்ஸ் தரையில் கிடக்கிறாள், தலைக்கு அடியில் மடித்த துணி. எழுந்து கீழே வருகிறாள். துளி பயம் இல்லாமல் வீட்டுக்காரர் முன்னால் நின்று, "அவங்களை என்ன செஞ்சீங்க?" என்று கேட்கிறாள். அத்தோடு அவர் கதை முடிந்தது.

நான் சொல்லி முடித்ததும் கடைக்காரம்மா மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "மேல உங்க வீட்டுல தையல் மெஷின் எதுவும் இல்லையே?" என்றார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நான் படம் ஓட்டிய காலத்தில் நம் தியேட்டரில் ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள்? பத்தாம் ரீலில் குட்டு உடைந்த வீட்டுக்காரர் "தண்ணி, தண்ணி" என்று கத்தும்போது பின்வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள். முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாக் காட்சியிலும் இப்படித்தான். பஸ் நிறுத்தத்தருகே கடை வைத்திருந்த தையல்காரர் ஒருவர் மூன்று தரம் வந்து பார்த்தார். "இது துணி இல்லாம ஓடுற மெஷினோட சத்தம்ங்க. துணி இருந்தா சத்தம் கனமா விழும். பாவம், ஒண்ணுமில்லாத மெஷினை மிதிச்சிட்டு இருக்கா" என்றார். இது உனக்கு உதவுமா என்று தெரியவில்லை. உதவினால் சந்தோஷம். கிழவனையும் ஒரு ஆளாய் மதித்துக் கேட்டாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சொன்னது உன் மாமா
எழுதியது கடைக்காரம்மா


பிப்ரவரி 14, சனிக்கிழமை

அன்பு மாமாவுக்கு,

கல்லூரியில் நான் மேடம். உங்கள் கடிதத்தைப் பிரித்தால்தான் வாண்டு ஆகிறேன். முதுகுவலி பாதி குறைந்திருக்கிறது. விடைத்தாள் மூன்று கட்டு. சாப்பாடு நேரத்துக்கு. தனித்தனியாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் தையல்காரர் என்னைத் துள்ளிக் குதிக்க வைத்துவிட்டார். நான்கு வருடமாக நூலகத்தில் தேடியும் கிடைக்காத ஒன்றை நீங்கள் ஒரே வரியில் தந்துவிட்டீர்கள். என் ஆய்வு என்பது ஒரே படத்தை மூன்று கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது, மாமா. முதல் அத்தியாயம் மனதைப் பற்றியது. நாம் எதைப் பூட்டி வைக்கிறோமோ அதுதான் மாடியிலிருந்து சத்தம் போடுகிறது என்பது. இரண்டாவது அத்தியாயம் பெண்களின் உழைப்பைப் பற்றியது. துணியே இல்லாமல் காலம் முழுக்க மெஷினை மிதிக்கும் ஒருத்தி! அந்த அத்தியாயத்துக்கு இனி உங்கள் தையல்காரர்தான் தலைவாசல். பின்வரிசைச் சிரிப்பும் உள்ளே வருகிறது.

மூன்றாவதுதான் உயிர். படம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது அது. இத்தனை பேய்ப் படங்களில் இது ஒன்றுதான் கடைசிவரை பேயின் முகத்தைக் காட்டுவதில்லை. முதுகு தெரிகிறது, மெஷின் சத்தம் பாதியில் அறுகிறது, சட்டென்று விடிந்துவிடுகிறது. இயக்குநரின் அந்தத் துணிச்சலைத்தான் உலகம் இன்றும் பேசுகிறது. சத்தம் அறுவதைப் பற்றி மட்டுமே பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் திரையின் மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கீறல் துடிக்கிறது. அதைத் தையல் ஊசியின் குறியீடு என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். படம் வந்த வாரத்தில் ஒரு பத்திரிகை "அந்த முகம் மறக்காது" என்று எழுதியிருந்தது. படம் பார்க்காமலே எழுதிய ஆள் என்று பேராசிரியர் தள்ளிவிட்டார்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். கதவைத் திறந்து மயங்கி விழுந்தவள் காலையில் ஏன் பயமில்லாமல் எழுகிறாள்? பேராசிரியர் அதைக் கதையில் விழுந்த ஓட்டை என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

முன்னுரையில் என்னைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். படம் முகத்தைக் காட்டாததால் பார்ப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முகத்தைத் தாங்களே செய்துகொள்கிறோம். சின்ன வயதில் நான் செய்துகொண்ட முகத்துக்கு உதட்டில் குண்டூசிகள் இருந்தன. மூன்று குண்டூசிகளைப் பல்லில் கடித்தபடி அது என்னைப் பார்க்கும். இப்போதும் சில நாள் கனவில் வருகிறது.

ஒரு உதவி வேண்டும் மாமா. மூலப் பிரதியும் மற்றப் பிரதிகளும் அழிந்துவிட்டன. ஆவணக் காப்பகத்தில் இருப்பது நம் தியேட்டர் மூடியபோது முதலாளி கொடுத்த பிரதி மட்டும்தான். தொலைக்காட்சியில் வருவதும் அதிலிருந்து எடுத்ததுதான். அதை ஓட்டியவர் நீங்கள். "படம் எங்களிடம் வந்தபடியே ஓட்டப்பட்டது" என்று ஒரு வாக்குமூலம் இத்துடன் வைத்திருக்கிறேன். கைநாட்டு வைத்து அனுப்புங்கள். ஏப்ரல் முப்பதாம் தேதி ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். உங்கள் பெயர் என் ஆய்வேட்டில் இருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

உங்கள்
வாண்டு


பிப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை

வாண்டுவுக்கு, மாமா சொல்லி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தையல்காரர் தலைவாசல் ஆனதில் சந்தோஷம். மனுஷன் இருந்திருந்தால் கடையில் எழுதி மாட்டியிருப்பார்.

முகம் தெரியாததற்கு ஜனங்கள் சண்டை போட்டார்களா என்று யோசித்துப் பார்த்தேன். சண்டை இல்லை, புரளிதான் இருந்தது. முதல் நாள் பார்த்தவர்கள் ஒரு மாதிரியும், அடுத்த வாரம் பார்த்தவர்கள் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்கள். அந்த முகம் சில பேர் கண்ணுக்குத்தான் தெரியும், தெரிந்தவனுக்கு மூன்று நாளில் காய்ச்சல் வரும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகு, தெரிகிறதா என்று பார்க்கவே கூட்டம் வந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் "எனக்குத் தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. காய்ச்சலாம். போர்வைக்குள் இருந்துகொண்டு சீட்டு விளையாடினார் என்று அவர் பெண்டாட்டி சொன்னாள்.

இதையும் வேண்டுமானால் எழுதிக்கொள். கைநாட்டு விஷயத்தைப் பிறகு பார்ப்போம். மை வாங்க வேண்டும்.

சொன்னது உன் மாமா

இதை எழுதுகிற நான் ஒரு வரி சேர்க்கிறேன் மேடம். மை என் கடையிலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தக் குண்டூசி வரியை நான் படித்ததும் பெரியவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார், மூடினார். நாலு நாளாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறார். நீங்கள் கேட்டுப் பாருங்கள்.


மார்ச் 5, வியாழக்கிழமை

அன்பு மாமா,

காய்ச்சல் சைக்கிள்காரரை வகுப்பிலேயே சொன்னேன், பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். ஆனால் கடைக்காரம்மா சேர்த்த வரிதான் மனதில் நிற்கிறது. உடம்புக்கு ஏதாவதா? கண் உறுத்துகிறதா? என்னிடம் எதை மறைக்கிறீர்கள்?

கைநாட்டுக்காக அவசரப்படுத்துகிறேனோ என்றும் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தக் காட்டாத முகத்தின் மேல்தான் நிற்கிறது மாமா. அதை உறுதி செய்ய உயிரோடு இருக்கிற சாட்சி நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் கேட்கிறேன். ஏதாவது தடை இருந்தால் சொல்லுங்கள். அம்மா போன பிறகு எனக்கு இருப்பது நீங்கள்தான். என் படிப்பைவிட நீங்கள் முக்கியம்.

வாண்டு


மார்ச் 12, வியாழக்கிழமை

வாண்டு, இதை உட்கார்ந்து படி.

நான் கைநாட்டு வைக்கமாட்டேன். படம் வந்தபடி ஓடவில்லை. முகம் இருந்தது. நான்தான் வெட்டினேன்.

எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கள் என்கிறேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. உன் அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்காவுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை, எனக்கு மேலே ஆபரேட்டர் அறையில் வேலை. உன்னை விட்டுவர வேறு இடம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் அறைக்கு வருவாய். காலி ரீல் பெட்டி மேல் ஏறி நின்று சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பாய்.

படம் வந்த இரண்டாம் நாள், பகல் காட்சி. ஒன்பதாம் ரீல் முடிகிற இடம். இந்த இடத்தில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு ரீல் முடியும் முன்னால் திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி வரும். உடனே அடுத்த ரீல் மாட்டிய இரண்டாவது புரொஜக்டரை ஓடவிட வேண்டும். ஏழு விநாடி கழித்து இன்னொரு புள்ளி. முதல் புரொஜக்டரின் வெளிச்சத்தை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். அதனால் ரீல் முடிகிற நேரத்தில் ஆபரேட்டருக்குக் கண் மூலையில்தான் இருக்கும். நடுவில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று தெரியாது. அந்த முகம் சரியாக இரண்டு புள்ளிக்கும் நடுவில் திரும்புகிறது. நான் மூலையைப் பார்த்தேன். நீ முகத்தைப் பார்த்தாய்.

தடால் என்று சத்தம். ரீலை மாற்றிவிட்டுத் திரும்பினால் நீ கீழே கிடக்கிறாய். கண் திறந்திருக்கிறது, வாயில் சத்தம் இல்லை. நாலு நாள் பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். "குண்டூசி."

அதை நீயாகச் செய்துகொண்ட முகம் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. நீ பார்த்த முகம் அது.

நீ விழுந்த மறுநாள் அக்கா மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். "நான் வேலைய விட்டுடறேன்டா தம்பி."

"விட்டுட்டு?"

"தெரியல. இவளை வெச்சிக்கிட்டு இங்க எப்படி இருக்கிறது? அந்த மூஞ்சிய மட்டும் எடுத்துட முடியுமாடா?"

"முதலாளிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் வெளியதான்."

"அவர் என்னைக்குடா படம் பாத்தாரு? நாற்காலியில கிழிசல் இருக்கான்னுதானே பாப்பாரு!"

அன்றைக்கே வெட்டினேன். முகம் திரும்பத் தொடங்கும் இடத்திலிருந்து புள்ளி வரைக்கும், நடுவில் என்ன என்று விரித்துப் பார்க்காமல், ஆறு அடி, நாலு விநாடி. சத்தத்தின் கோடு படத்துக்குப் பக்கத்திலேயே ஓடும், படத்தை வெட்டினால் அதுவும் அறும். நீ பதினெட்டுப் பக்கம் எழுதியது என் கத்தரியைப் பற்றி. வெட்டிய துண்டோடு ஒரு புள்ளி போயிற்று, மற்றதுக்கும் இடம் தப்பிவிட்டது. அதனால் அக்காவிடம் தையல் ஊசி வாங்கி வேறு இடத்தில் நானே சுரண்டிப் போட்டேன். ஊசி வழுக்கியது, வட்டமாக வரவில்லை, கீறலாகிவிட்டது. பேராசிரியர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஊசி என்றவரையில் அவர் சொன்னது சரிதான்.

எதை வெட்டினாலும் துண்டைப் பத்திரமாக வைத்து, படப்பெட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போகும்போது ஒட்டி அனுப்ப வேண்டும். தியேட்டரில் அதுதான் முறை. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாம் நாள் நீ வந்து பெட்டி மேல் ஏறினாய். அக்கா வாசலில் நிற்கிறாள். திரையில் கதவு திறந்தது, முதுகு தெரிந்தது, விடிந்தது. நீ என்னைப் பார்த்து, "அவ்ளோதானா மாமா?" என்றாய். "அவ்ளோதான்" என்றேன். மறுநாளும் வந்தாய். அதற்கு மறுநாளும். நர்ஸ் பேசுவதை எல்லாம் கூடவே சொல்ல ஆரம்பித்தாய். அறுபது நாள் ஓடி முடியும் முன்பே படத்தை அனுப்பிய கம்பெனி மூடிவிட்டது, பெட்டி எங்களிடமே தங்கிவிட்டது. வேறு படம் வராத வாரமெல்லாம் அதைத்தான் போட்டோம். பெரியவளாகியும் நீ வந்து உட்கார்ந்தாய். எந்த நாளில் ஒட்டுவேன், நீயே சொல்.

"கல்யாணம் ஆகட்டும், சொல்லிக்கலாம்" என்றாள் அக்கா. பிறகு, "வேலை கிடைக்கட்டும்" என்றாள். பிறகு அவளே போய்விட்டாள். காப்பகத்திலிருந்து வண்டி வந்து பெட்டியை ஏற்றியபோது நான் வாசலில்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவன் சொன்னால் யார் எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அது தப்பு. நீயாவது நம்பி எழுதியிருப்பாய்.

துண்டு இருக்கிறது. நாற்பத்தேழு வருஷமாய் ஒரு தகர டப்பாவில். அதைப் பதிவுப் பார்சலில் அனுப்புகிறேன். திறந்தால் புளித்த வாடை அடிக்கும், பழைய பிலிம் அப்படித்தான். உன் மூன்றாம் அத்தியாயத்தை நான் உடைக்கிறேன் என்று தெரிகிறது. நீ அந்த டப்பாவை அடுப்பில் போட்டால் ஏன் என்று கேட்கமாட்டேன். கடைக்காரம்மாவும் மூச்சு விடமாட்டார். ஆனால் பொய்க்குக் கீழே என் விரலை வைக்கச் சொல்லாதே. உனக்கு ஒரு பொய் சொன்னேன், அது ஒன்று போதும்.

மாமா


ஏப்ரல் 2, வியாழக்கிழமை

வாண்டுவுக்கு மாமா.

பார்சல் சேர்ந்துவிட்டதாகத் தபால் அலுவலகத்தில் கடைக்காரம்மா விசாரித்து வந்தார். மூன்று வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுது. திட்டி எழுது. கடைக்காரம்மா ஒரு எழுத்துக்கூட விடாமல் படித்துக் காட்டுவார், அதில் அவருக்கு ஆனந்தம்.

நீ பேசாமல் இருந்த அந்த நாலு நாள் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. இது அதைவிட நீளம்.

மாமா


ஏப்ரல் 11, சனிக்கிழமை

என் மாமாவுக்கு,

கோபம் இருந்தது. மூன்று நாள். உங்கள் மேல் இல்லை, அந்தப் பதினெட்டுப் பக்கத்தின் மேல்.

அதற்குப் பிறகு இருந்தது பயம். டப்பாவை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் திறக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது மேடம், பேய்ப் படங்களைப் பற்றி வகுப்பெடுக்கிறவள், ஒரு தகர டப்பாவைத் தாண்டி நடக்கச் சுவரோரமாய்ப் போனேன். கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு நேரே காப்பகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு, சுருண்டு கிடந்ததை விரித்து, கீழே வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் நீட்டினார். "பாக்கறீங்களா?" என்றார். "நீங்க முதல்ல பாருங்க" என்றேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு முனையிலிருந்து நகர்த்திக்கொண்டே போனார். போகப் போக அவர் முகம் மாறியது. பயந்த மாதிரி இல்லை மாமா. "மேடம், வாங்க" என்றார்.

தொண்ணூற்றாறு கட்டங்கள். முதல் நாற்பதில் அவள் திரும்புகிறாள். அதே முகம். உதட்டில் மூன்று குண்டூசிகள். நான் அதுவரைதான் பார்த்திருக்கிறேன், அந்த இடத்தில்தான் பெட்டியிலிருந்து விழுந்திருக்கிறேன். மீதியை நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. மீதியில் அவள் குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்துத் தோள்பட்டைத் துணியில் குத்தி வைக்கிறாள். எதற்குத் தெரியுமா? சிரிப்பதற்கு. ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாதல்லவா? வெகுநாள் காத்திருந்த ஆள் வந்துவிட்ட மாதிரி நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறாள். கடைசிக் கட்டத்தில் மெஷினை விட்டு எழுந்திருக்கிறாள். மேல் மூலையில், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வட்டப் புள்ளி.

என் கேள்விக்கு விடை உங்கள் முதல் கடிதத்திலேயே இருந்தது, நான்தான் தாண்டிப் போய்விட்டேன். "தலைக்கு அடியில் மடித்த துணி." மயங்கி விழுகிறவள் துணியை மடித்து வைத்துக்கொண்டா விழுவாள்? மயக்கமே இல்லை மாமா. அவள் தூங்கியிருக்கிறாள். இன்னொருத்தி தலைக்கு மடித்து வைத்திருக்கிறாள். அதனால்தான் காலையில் பயமில்லை. கதையில் ஓட்டை எதுவும் இல்லை, இருந்தது நம் கத்தரி வைத்த ஓட்டை. முகம் மறக்காது என்று எழுதிய அந்தப் பத்திரிகைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

பேராசிரியரிடம் சொன்னேன். முதலில், "யாருக்கும் தெரியாதே, அப்படியே ஒப்படைச்சிடலாமே" என்றார். என் மாமா கைநாட்டு வைக்கமாட்டார் என்றேன். கீறல் ஊசியால் போட்டதுதான் என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "ஊசின்னு நான் சொன்னது சரிதானே?" என்றார். ஆறு மாத அவகாசமும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புதிதாக எழுதுகிறேன். இயக்குநர் எதை மறைத்தார் என்று நாங்கள் எல்லோரும் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அரங்கில் யார் இருந்தார்கள், அவர்களுக்காக யார் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகம் மெச்சிய அந்தத் துணிச்சல் ஒரு டிக்கெட் கொடுக்கிற அம்மாவுடையது, அவள் தம்பியுடையது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி மறுபடி பேச வேண்டும் என்பதற்காகச் செய்தது. நான் அந்தப் படத்தோடு வாழ்ந்தேன், அதனால் படித்தேன், அதனால் இந்த மேசைக்கு வந்தேன். நீங்கள் வெட்டியிருக்காவிட்டால் அந்த அறைப்பக்கமே வந்திருக்கமாட்டேன், இந்தச் சிரிப்பைக் கண்டுபிடிக்கவும் ஆள் இருந்திருக்காது.

மன்னிப்புக் கேட்காதீர்கள். நன்றி சொல்ல வேண்டியவள் நான்.

புதிய வாக்குமூலம் வைத்திருக்கிறேன். உங்கள் மார்ச் மாதக் கடிதம்தான் அது, ஒரு சொல்லும் மாற்றவில்லை. அதற்குக் கீழே விரல் வைப்பீர்கள் அல்லவா? காப்பகத்தார் துண்டைப் பிரதி எடுத்து, அதன் இடத்தில் சேர்க்கிறார்கள். ஜூன் ஆறாம் தேதி, சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அவர்கள் அரங்கில் படம் போடுகிறார்கள். நீங்கள் வரவேண்டும்.

என்றும்
வாண்டு


ஏப்ரல் 18, சனிக்கிழமை

என் வாண்டுவுக்கு, மாமா சொல்லி எழுதுவது.

விரல் வைத்துவிட்டேன். கடைக்காரம்மா இரண்டு தரம் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார், ரேகை தெளிவாக விழ வேண்டுமாம். அடியில் சாட்சிக் கையெழுத்து அவருடையது. அவள் சிரித்த இடத்தைப் படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டார். "இதுக்காய்யா நாற்பத்தேழு வருஷம் டப்பாவுக்குள்ள வெச்சிருந்தீங்க?" என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டு டீ வாங்கி வந்தார். நன்றாகச் சாப்பிடுகிறேன். அதையும் எழுதச் சொல்கிறார்.

ஜூன் ஆறாம் தேதிக்கு வருகிறோம், இரண்டு பேரும். அவர் கடையைப் பூட்டிவிட்டு வருகிறாராம். எனக்கு நடுவரிசையில் இடம் பிடித்து வை. இத்தனை வருஷத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படம் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்ததில்லை, டிக்கெட் கூண்டுக்குள் இருந்து சத்தத்தை மட்டும் கேட்பாள். அவளுக்கும் சேர்த்துப் பார்க்கிறேன். நீ கொடுத்த கண் இருக்கிறது.

ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. ஒன்பதாம் ரீல் முடிகிற இடம் வந்தால் என் கண் தானாக மேல் மூலைக்குப் போய்விடும். பழக்கம், விடாது. நீ பக்கத்தில்தானே உட்காருவாய்? முதல் புள்ளி வந்ததும் என் விலாவில் ஒரு இடி இடித்து, "மாமா, முகத்தைப் பாருங்க" என்று சொல்லிவிடு.

மாமா